வயிறு பொருமிய தரை

என் தம்பி சேவியருக்கு,

நீ போய் ஐந்து வருடமாகிறது. இந்த ஐந்து வருடமும் உன்னோடு மனதுக்குள் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெரும்பாலும் சண்டை. எழுத்தில் கதைப்பது இதுதான் முதல்முறை. இந்தக் கடிதத்தை இங்குள்ள நம்முடைய தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மளிகைக் கடைகளின் வாசலில் அடுக்கி வைப்பார்கள். நீ வாசிக்கப் போவதில்லை. மற்றவர்கள் வாசிக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதி நான் பட்டது போதும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் எஸ்தர் அவுஸ்திரேலியப் பெண்கள் அணிக்குத் தெரிவாகியிருக்கிறாள். ஐஸ் ஹொக்கிதான். நாங்கள் வேலை செய்த அரங்கில், நீ ஐஸ் சீவுகிற வண்டியை ஓட்டும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டுவாளே, அதே எஸ்தர். அவளுடைய சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில் உன் பெயர் இருக்கிறது. சேவியர். உன் மனைவி ஸ்டெல்லா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பெரிய போட்டி என்று நினைத்துவிடாதே. உலகப் பட்டியலை மேலிருந்து வாசித்தால் நம்முடைய அணி வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். கீழிருந்து வாசித்தால் சட்டென்று வந்துவிடும். அந்த அடிப்பிரிவு நாடுகளுக்குள் ஒரு வாரப் போட்டி. வெல்கிற அணி ஒரு படி மேலே போகும், அவ்வளவுதான். இம்முறை அதை சிட்னியில் வைக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை முதல் ஆட்டம், ஐஸ்லாந்துக்கு எதிராக. ஐஸையே நாட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறவர்கள் தூத்துக்குடிக்காரனும் யாழ்ப்பாணத்தானும் வளர்த்த ஐசில் விளையாட வருகிறார்கள். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே எல்லாரையும் கொன்றிருப்பாய்.

கெட்ட செய்தியும் அதே வரியில்தான் இருக்கிறது. போட்டி எங்கள் அரங்கில், அந்தத் தரையின் மேல் நடக்கப்போகிறது.

வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். ஐஸ் அரங்கு என்பது சீமெந்துத் தரை. அதற்குள் குழாய்கள். குழாய்களுக்குள் கடுங்குளிரான உப்புநீர் ஓடும். மேலே தண்ணீர் விட்டால் உறையும். இரண்டு விரற்கடைத் தடிப்பில் ஐஸ் நிற்கவேண்டும். சறுக்குச் சப்பாத்தின் அடியில் இருப்பது கத்தி, சப்பாத்து என்பது பெயருக்குத்தான். அது ஐசைத்தான் வெட்டலாம், சீமெந்தை வெட்ட முடியாது. வேகமாக வருகிறவளின் கத்தி சீமெந்தில் பட்டால் கால் நின்றுவிடும், உடம்பு போய்க்கொண்டிருக்கும்.

நான் எண்பத்து நான்கில் இந்த நாட்டுக்கு வந்தவன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் குளிரூட்டல் படிக்கவில்லை. இயந்திர அறையில் கிடந்த தடித்த கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்துப் பிடித்தேன். நீ ஸ்டெல்லாவுக்குத் தாதி வேலை கிடைத்து இங்கே வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவளோடு வந்தாய். தூத்துக்குடித் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடும் ஆலையில் பதினொரு வருடம் நின்றவன். மனேஜருக்கு எங்கள் பெயர்கள் வாயில் நுழையவில்லை. கனகசபை 'கென்' ஆனான், சேவியர் 'சேவ்' ஆனான்.

அந்தக் காலையை மறந்திருக்க மாட்டாய். நீ ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு ஐசைத் தட்டித் தட்டிப் போனாய். ஆலையில் அப்படித்தான் பாளத்தைத் தட்டிப் பார்ப்பீர்களாம், உள்ளே உறைந்துவிட்டதா என்று. இடப்பக்கக் கோலுக்கு முன்னால் இருக்கும் சிவப்பு வட்டத்தில் நின்றுவிட்டாய்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. சத்தம் சரியில்ல கேட்டியளா."

"என்னடாப்பா, எல்லாம் ஒரே சத்தந்தான்."

"காதை வச்சுக் கேளுங்க. தரைக்கு வயிறு பொருமிக் கெடக்கு."

சிரித்தேன். பிறகு துளைபோட்டு அளந்தோம். மற்ற இடமெல்லாம் இரண்டு விரல், அந்த வட்டத்தில் ஒன்றரை. ஐஸ் குறையவில்லை, தரை எழும்பியிருந்தது. கையேட்டில் தேடினேன். மூன்று நாளில் கண்டுபிடித்தேன். தரைக்குக் கீழே ஈரக் களிமண். வருடக்கணக்கில் குளிர் இறங்கி இறங்கி அந்த மண்ணும் உறைகிறது, உறைகிறபோது பெருக்கிறது, பெருத்துத் தரையைத் தூக்குகிறது. அதைத் தடுக்கக் கீழே சூடுகொடுக்கும் குழாய் ஒன்று இருக்கவேண்டும். எங்களுடையது எப்போதோ உடைந்து, எவரோ அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மனேஜரிடம் வாயால் சொன்னோம். அவர் வந்து வட்டத்தைப் பார்த்தார். மேலே ஐஸ் கண்ணாடி மாதிரி மட்டமாகத்தானே இருக்கும்? சீவுகிற வண்டி மேலே மட்டமாக்கிவிடும். "அழகாக இருக்கிறது, கென்" என்றார்.

அன்றிலிருந்து குறித்து வைக்கத் தொடங்கினோம். இயந்திர அறைக் கொப்பியில் வெப்பநிலை, அழுத்தம் எல்லாம் எண்களில் எழுதுவோம். கடைசிப் பத்தி குறிப்புகளுக்கு. அதில் தமிழில் எழுதினோம். என் ஆங்கிலத்தைக் கண்டால் உனக்குச் சிரிப்பு, உன் ஆங்கிலத்தைக் கண்டால் எனக்கு. உன் வேலைநேரம் முடிய என் வேலைநேரம் தொடங்கும், முகம் பார்க்கக்கூட நேரமில்லை. கொப்பிதான் எங்கள் பேச்சு. 'வயிறு இன்னிக்குக் கொஞ்சம் கூட.' 'ஓம், பார்த்தேன். கால் விரல்.' 'ஒண்ணேகால்தான் நிக்கி.' 'ஓம்.' பன்னிரண்டு கொப்பி, சேவியர். இந்த நாட்டில் இதைவிட ஒழுங்காக எந்தத் தரையையும் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

யாராவது ஒருநாள் அதை வாசிக்கவேண்டி வரும் என்று நம் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை?

நாங்கள் இருந்தவரை சமாளித்தோம். அந்த வட்டத்தில் மட்டும் கைக்குழாயால் தண்ணீர் விட்டு ஏற்றி வைத்தோம், வண்டிக் கத்தியை அந்த இடத்தில் உயர்த்திப் பிடித்தோம். பிறகு உனக்குச் சிறுநீரகம் போயிற்று. உன்னைப் பார்க்க வந்த கடைசித் தடவை, மூக்கில் குழாயோடு, "அந்த வயிறு என்னாச்சு அண்ணாச்சி" என்று கேட்டாய். "அப்படியேதான் இருக்கு, நீ படு" என்றேன். அது பொய். அந்தக் கிழமைதான் ஒரு விரலுக்குக் கீழே இறங்கியிருந்தது.

நீ போன அடுத்த வருடம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். புது மனேஜர், புது ஆட்கள். வட்டத்தைப் பற்றி ஒருவனுக்கும் தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சீவுகிறார்கள்.

இந்தப் போட்டி இங்கேதான் என்று எஸ்தர் சொன்ன அன்றே கொப்பிகளைத் தேடிப் போனேன். மனேஜர் மரியாதையானவர்தான், அதைச் சொல்லவேண்டும். அலுமாரியின் அடித்தட்டில் இருந்து எடுத்துத் தந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இது என்ன எழுத்து?"

"தமிழ். தரை எழும்பின கணக்கு முழுக்க இதில இருக்கு."

"எத்தனை மில்லிமீற்றர்?"

"விரலில அளந்தது."

"விரலா? யாருடைய விரல்?"

இருபது வருடத்தில் எவரும் கேட்காத கேள்வி. உன் விரல் என்னுடையதைவிடப் பருமன். நீ எழுதிய ஒன்றேகாலும் நான் எழுதிய ஒன்றேகாலும் ஒன்றல்ல. ஆனால் உன் விரலில் பார்த்தாலும் என் விரலில் பார்த்தாலும் குறைந்துகொண்டே போகிறதல்லவா? அதைச் சொன்னேன். "எழுத்தில் தாருங்கள், ஆங்கிலத்தில்" என்றார்.

இனிச் சொல்லப்போவதை ஒருமுறைதான் எழுதுவேன். திரும்ப எழுதச் சொல்லி எவரும் கேட்கவேண்டாம்.

கடிதத்தை நானே எழுதினேன். எஸ்தரிடம் கேட்டிருக்கலாம், ஸ்டெல்லாவிடம் கேட்டிருக்கலாம். இயந்திரத்தைத் தனியாகப் படித்தவனுக்கு ஒரு பக்கக் கடிதத்துக்கு ஆள் பிடிக்க மனம் வரவில்லை. பொருமலுக்கு என்ன சொல்வது என்று அகராதியைப் பார்த்தேன். அதில் இருந்த சொல் நீளமாக, வெட்கம் கெட்டதாக இருந்தது. நம்முடைய ஆட்கள் வயிறு பொருமினால் என்ன சொல்வார்கள்? காஸ். வைத்தியரிடமும் அதைத்தான் சொல்கிறோம். வட்டம் எங்கே என்று படம் கீறி, அதன் கீழே எழுதினேன்: 'தரைக்குள் இருபது வருடமாகக் காஸ் இருக்கிறது. வருடா வருடம் கூடுகிறது. ஆட்டம் நடந்தால் ஆபத்து.'

அந்த இயந்திர அறையில் என்ன ஓடுகிறது? அமோனியா, உப்புநீரைக் குளிரவைக்கிற நச்சு வாயு. உனக்கு விளங்கியிருக்கும்.

இரண்டு நாளில் வந்துவிட்டார்கள். முகமூடி போட்ட இரண்டு பேர், மோப்பம் பிடிக்கிற கருவிகள். வட்டத்தில் மோப்பம் பிடித்தார்கள், இயந்திர அறையில் பிடித்தார்கள், கழிவறையில்கூடப் பிடித்தார்கள். ஒரு இடத்திலும் காஸ் இல்லை. எப்படி இருக்கும்? மனேஜர் என்னைக் கூப்பிட்டு அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்.

"கென், உங்கள் காஸை எல்லா இடத்திலும் தேடினோம். இல்லை."

"அந்தக் காஸ் இல்லை. இது வயித்துக் காஸ்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அதற்குப் பிறகு நான் சொன்னது ஒன்றும் ஏறவில்லை. போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். பதிலாக அதே தாளின் பிரதி வந்தது. முறைப்பாடு விசாரிக்கப்பட்டது, அரங்கு பாதுகாப்பானது. வாசல் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்டெல்லா அதை வாசித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க என்ன எழுதுனீங்கன்னு காட்டுங்க."

காட்டினேன்.

"காஸ்னு எழுதினா அவங்க அமோனியான்னுதான நினைப்பாங்க? ஒரு போன் போட்டிருக்கலாமே. நான் சும்மாதான இருந்தேன்."

"உங்கட ஆள் சொன்ன சொல்லைத்தானே எழுதினனான்."

"அவரு சொன்னது உங்ககிட்ட. அவங்ககிட்ட இல்ல."

அவள் சொன்னது சரி. அவளே திருத்தி எழுதி அனுப்பினாள், அதற்கும் அதே தாள்தான் வந்தது. ஒருவரும் கவனிக்காத தரையாக இருந்தது, இப்போது பாதுகாப்பானது என்று கையெழுத்து வாங்கிய தரை. அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை ஐஸ்லாந்து அணிக்குப் பயிற்சி. பொதுமக்கள் பார்க்கலாம் என்றார்கள், போய் முன்வரிசையில் இருந்தேன். போட்டிக்கு ஐஸ் இறுகவேண்டுமென்று மூன்று வாரமாக இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். இவ்வளவு குளிரை அந்தத் தரைக்கு நாங்கள் ஒருநாளும் கொடுத்ததில்லை. பயிற்சி தொடங்குமுன் அரங்கு வெறுமையாக இருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. யாரோ கீழே படுத்திருந்து விரல் மடக்கிச் சொடக்கெடுப்பதுபோல. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பக்கத்தில் இருந்தவர் தன் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

தங்க நிறப் பின்னலோடு ஒரு பெண், எஸ்தரின் வயதுதான் இருக்கும், பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாள். 'கிரீச்' என்றது. அவளுடைய காலடியில் ஒரு பொறி பறந்தது. ஐசில் பொறி பறக்குமா, சேவியர்? என் கண்ணால் கண்டேன். தோள் அடிபட விழுந்து பக்கப் பலகைவரை இழுபட்டுப் போனாள். எழும்பிச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் தலை பட்டிருக்கும்.

ஒருவன் வந்து சீவல் ஐசை அள்ளி அந்த இடத்தில் அப்பித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனான். புண்ணுக்குப் பற்றுப் போடுவதுபோல. அவன் குனிந்திருந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குத் தெரிந்தது. உள்ளங்கையளவு சாம்பல் நிறம். அது சீமெந்து.

கண்ணாடியில் அடித்துக் கத்தினேன். தமிழில் கத்தினேனாம், பிறகு சொன்னார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். இனி உள்ளே வரக்கூடாது என்று தாள் தந்தார்கள். எழுபத்தொரு வயதில் முதல்முறையாக ஒரு கட்டடத்துக்குள் போகத் தடை. நான் இருபது வருடம் குளிரூட்டிய கட்டடம்.

நேற்று எஸ்தர் வந்தாள். பயிற்சி முடிந்து நேரே வந்திருக்கிறாள், தலை ஈரம் காயவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அங்கிள், டீம்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. த கேஸ் மேன்னு சொல்றாங்க. என்னைப் பார்த்து மூக்கைப் பொத்துறாங்க."

"பொத்தட்டும். நீ அந்த வட்டத்துக்குள்ள போகாத பிள்ளை."

"நான் சென்ட்டர், அங்கிள். ஃபேஸ்-ஆஃப் எடுக்கிறது நான்தான். அங்கதான் நிப்பேன்."

நடுவர் அந்தச் சிவப்பு வட்டங்களுக்குள் கறுப்பு ரப்பர் வட்டைப் போடும்போது இரண்டு பேர் எதிரெதிராகக் குனிந்து நிற்பார்களே, அதில் நம் பக்கம் நிற்பது உன் மகள்தானாம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அவள் ஆடுவது தெரியும், எங்கே நின்று ஆடுவாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்பாட எழுத்தைக் காட்டுறன், பாக்கிறியோ?"

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யூ நோ தட்." பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். "ஒன்பது வருஷமா இதுக்காக விடியக்காலை எழும்பிப் போயிருக்கேன். இதைக் கெடுத்தீங்கன்னா நான் உங்களோட பேசவே மாட்டேன். ஐ மீன் இட்."

சொன்னால் செய்வாள். அந்தக் குணம் உன்னிடமிருந்து வரவில்லை, நீ யாரோடும் அரை நாளுக்குமேல் கோபமாக இருந்ததில்லை. இருபது வருடம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதில் என்னிடமிருந்துதான் பிடித்துக்கொண்டாளோ?

அவள் விளையாடாமல் விட்டால் மட்டும் என்ன? அந்த வட்டத்தில் வேறொருத்தி குனிந்து நிற்பாள். அவளுக்கும் முதுகில் ஒரு தகப்பனின் பெயர் இருக்கும்.

இன்று காலை ஸ்டெல்லாவுக்குக் கடைசிக் கொப்பியைக் காட்டினேன். நீ வேலையை விட்ட கிழமை எழுதிய பக்கம். 'ஒரு விரல்தான் நிக்கி. அண்ணாச்சி, நான் இல்லாட்டியும் விட்டுராதிய.' அதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். உன் எழுத்தை ஐந்து வருடத்துக்குப் பிறகு காண்கிறாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வாசல்ல நான் பேசிக்கிடுதேன். நீங்க நேரா உள்ள போங்க" என்றாள்.

ஆகவே, தம்பி, உனக்குச் சொல்லவேண்டியதை இப்போது சொல்கிறேன். மற்றவர்களும் கேட்கட்டும். மனேஜருக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொன்னாலும் சரி, நான் ஒளிக்கவில்லை.

ஞாயிறு காலை, அணிகள் இறங்குமுன், ஒரு மடிக்கிற கதிரையோடு ஐசுக்குள் இறங்குவேன். இடப்பக்கச் சிவப்பு வட்டத்தின் நடுவில் கதிரையை விரித்து இருப்பேன். ஒரு துளைபோட்டு, விரலை வைத்து அல்ல, இரும்பு அளவுகோலை வைத்து அளந்து காட்டும்வரை எழும்பமாட்டேன். பொலிசைக் கூப்பிடட்டும். நான்கு பேர் சேர்ந்து கதிரையோடு தூக்கட்டும். தூக்குவதற்கு அந்த நால்வரும் அந்த இடத்தில்தான் கால் ஊன்றவேண்டும், அப்போதாவது யாராவது கீழே குனிந்து பார்ப்பான். அளந்து, நான் சொன்னது பிழை என்று வந்தால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன். இதுவரை எவரிடமும் கேட்டதில்லை, உன்னிடமும்கூட.

எஸ்தர் அணியோடு வாசலில் நிற்பாள். எல்லாவற்றையும் பார்ப்பாள். மூக்கைப் பொத்தினவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆட்டம் பிந்தும், நிற்கவும் கூடும். அதற்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வரமாட்டாள். உன் நினைவுநாளுக்குப் பூ வைக்க வந்தால், நான் வைத்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் வருவாள்.

வரட்டும். வாழ்நாள் முழுக்க அவள் என்னை மன்னிக்காமல் இருக்கட்டும். இரண்டு காலாலும் நடந்து திரிந்துகொண்டு மன்னிக்காமல் இருக்கட்டும். அது போதும் எனக்கு.

உன் கூடப் பிறக்காத மூத்தவன்,
கனகசபை அண்ணாச்சி